கூரைக்கு மேல் யார் ஏறுவது?

எமது கிராமங்களில் இன்று பொதுக் கட்டடங்களுக்குக் குறைவில்லை. முன்பள்ளி, மாதர் சங்க மண்டபம், சனசமூக நிலையம், நெற் களஞ்சியம், மருந்தகம் என ஏதோவொன்று ஏறக்குறைய ஒவ்வோர் ஊரிலும் நிற்கின்றது. 2004ஆம் ஆண்டின் கடற்கோளுக்குப் பின்னரும், 2009இல் யுத்தம் முடிந்த பின்னரும் வடக்கிலும் கிழக்கிலும் இவ்வாறான கட்டடங்கள் பெருந்தொகையாக எழுந்தன. அவற்றுள் ஒரு பகுதி ஓடும் தகரமும் இல்லாத தட்டைக் கூரைக் கட்டடங்கள். நாடா வெட்டிய நாளின் நிழற்படம் சுவரில் தொங்குகின்றது. நிதி தந்தவரின் பெயர் வாசலில் கல்லிற் பொறிக்கப்பட்டிருக்கின்றது. ஆனால் இக்கூரைக்கு மேல் கடைசியாக ஏறியவர் யார், எப்போது ஏறினார், அங்கே எதைக் கண்டார் என்று கேட்டால் பதில் சொல்லக்கூடிய சங்கத்தைக் காண்பது அரிது.

தட்டைக் கூரை எமது மக்களிடம் மதிப்புப் பெற்றதற்குக் காரணம் உண்டு. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் ஓடுகளும் தகரங்களும் பறந்ததைக் கண்ட தலைமுறைக்குக் கொங்கிறீற் தட்டு என்பது உயிர்ப் பாதுகாப்பு. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு 'புரெவி' சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரைகடந்தபோதும் கரையோர மக்கள் முன்கூட்டியே உறுதியான கட்டடங்களுக்கு நகர்த்தப்பட்டனர். காற்றுக்குக் கொங்கிறீற் அசையாது என்பது உண்மை. நீருக்கு அது அசையாமல் இருக்குமா என்பதே நாம் இங்கு பேச விரும்பும் விடயம்.

இக்கூரைகளின்மேல் தார் ஊட்டிய விரிப்பு ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். கட்டட வேலைக்காரர் இதனை 'ஃபெல்ட்' என்றும் 'மெம்பிரேன்' என்றும் அழைப்பர். நாம் இங்கு தார்விரிப்பு என்றே சொல்வோம். கண்ணாடி இழையாலோ பொலியெஸ்ரர் இழையாலோ ஆன துணி போன்ற தளத்திலே தாரை ஊட்டி, ஒரு மீற்றர் அகலமும் பத்து மீற்றர் நீளமுமான சுருள்களாக இது வருகின்றது. வெயில் தாரை வாட்டாதிருப்பதற்காகச் சிலவற்றின் மேற்பக்கத்தில் சிறு கல்மணிகள் பதிக்கப்பட்டிருக்கும். மற்றவற்றுக்கு விரித்த பின்னர் வெள்ளிநிறப் பூச்சு அடிப்பார்கள். வாயுச் சுடரால் அடிப்பக்கத்தை உருக்கிக் கொங்கிறீற்றின்மேல் ஒட்டும்போது ஒரு சுருளின் விளிம்பு மற்றதன்மேல் நான்கு அங்குலமளவு ஏறிப் படியவேண்டும். மழையைத் தடுத்து நிற்பது இந்த மூன்று நான்கு மில்லிமீற்றர் தடிப்புத்தான். கீழே உள்ள கொங்கிறீற்றின் வேலை பாரந் தாங்குவது. அதிலே மயிரிழை போன்ற வெடிப்புகள் எப்போதும் உண்டு.

ஓடு உடைந்தால் அன்றைய மழையிலேயே தெரிந்துவிடும். தார்விரிப்பு அப்படியன்று. வெயிலில் அதன் தார் வரண்டு இறுகுகின்றது. பகலில் விரிந்து இரவில் சுருங்கிச் சுருங்கி மூலைகளிலும் விளிம்புகளிலும் பிளவுபடுகின்றது. பிளவினூடாக இறங்கும் நீர் நேரே கீழே விழுவதில்லை. விரிப்புக்கும் கொங்கிறீற்றுக்கும் இடையே சாய்வு பார்த்து ஓடி, எங்கேயோ ஒரு வெடிப்பையோ மின்கம்பிக் குழாயையோ கண்ட இடத்தில்தான் உள்ளே இறங்குகின்றது. அறையின் கறை இருக்கும் இடம் ஒன்று, கூரையின் காயம் இருக்கும் இடம் வேறொன்று. கறை தெரியும்போது ஓரிரு மாரிகள் கடந்திருக்கவுங் கூடும். எனவே ஒழுக்கைத் தேடவேண்டிய காலம் மாரி அன்று, அதற்கு முந்திய கோடை. தேடவேண்டியவர் ஒழுகிய பின்னர் அழைக்கப்படும் மேசனாரும் அல்லர், கட்டடத்துக்கு உரித்துடைய சங்கமே. 'ஒழுகினால் பார்ப்போம்' என்பது எமது மண்டபங்களின் எழுதப்படாத யாப்பாக இருக்கின்றது. அதனை மாற்றவேண்டும் என்பதே எமது வாதம்.

இதிலே அப்படி என்ன அவசரம், வாளி வைத்தால் போகிறது என்று சிலர் சொல்லக்கூடும். வாளிக்குள் விழும் நீரைப் பற்றி நாமும் கவலைப்படவில்லை. வாளிக்குள் விழாமல் கொங்கிறீற்றுக்குள் தங்கும் நீரே ஆபத்தானது. அது உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கின்றது. துரு, அது உண்டான இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் பிடிக்கும். உள்ளே பருக்கும் கம்பி கொங்கிறீற்றைக் கீழ்நோக்கித் தள்ளிப் பெயர்க்கின்றது. கரையோரக் கிராமங்களில் உப்புக் காற்று இதனை விரைவுபடுத்தும். கழுவாத கடல்மணல் கலந்து கட்டிய கட்டடமாயின் சொல்லத் தேவையில்லை. பெயர்ந்து விழும் துண்டு ஒரு கைப்பிடி அளவினதாக இருந்தாலும், கீழே பாயில் நான்கு வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். சூறாவளிக்கு ஒதுங்குவதற்கென்று கட்டிய தட்டு, பத்துப் பதினைந்து மாரியில் உள்ளே அரிக்கப்பட்டுவிட்டால், அந்த இரவில் நாம் எதன் கீழ் ஒதுங்குகிறோம்?

பார்வையிடலை மேலே அல்ல, உள்ளேயே தொடங்கவேண்டும். ஒரு கொப்பித் தாளில் மண்டபத்தின் நீள அகலத்தை வரைந்துகொண்டு, கூரையின் உட்புறத்திலே காணும் ஒவ்வொரு கறையையும் இரண்டு சுவர்களிலிருந்து அளந்து குறிக்கவேண்டும். கறையின் விளிம்பில் தேநீர்க் கோப்பை வைத்தெடுத்தது போன்ற வளையங்கள் இருக்கும். வளையத்துள் வளையமாக இருந்தால் பல தடவை நனைந்து காய்ந்த இடம். வெள்ளை உப்புப் பூத்திருந்தால் நீர் கொங்கிறீற்றைக் கடந்து வந்திருக்கின்றது. செம்மண் நிறக் கோடு இருந்தால் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது. அவ்விடத்தைச் சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பார்க்கலாம். நல்ல கொங்கிறீற் கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிரிந்திருந்தால் வெற்றுப் பானையின் ஓசை கேட்கும். தட்டுபவர் நேர்கீழே நிற்கக்கூடாது.

மின்விசிறிக் கொளுக்கியைச் சுற்றியும் மின்குமிழைச் சுற்றியும் ஈரம் கண்டால் முதலில் பிரதான ஆளியை நிறுத்தவேண்டும். மின்வேலை தெரிந்தவர் பார்க்குமட்டும் அந்தப் பகுதிக்கு மின்சாரம் வேண்டாம். அந்த ஈரத்துக்கு நேர்மேலே கூரையைக் கிளறுவதிலும் பயனில்லை. கம்பிக் குழாய் வழியே நீர் தூரத்திலிருந்து வந்திருக்கும்.

எந்த மழைக்கு ஒழுகியது என்பதும் முக்கியம். வாடைக்காற்றுடன் சாய்ந்தடிக்கும் மழைக்கு மட்டும் ஒழுகினால் தார்விரிப்பைச் சந்தேகிக்குமுன் சுற்றுக் கைச்சுவரைச் சந்தேகிக்கவேண்டும். காற்றில்லாத நேர்மழைக்கும் ஒழுகினால் விரிப்பையும் நீர்வாயையும் பார்க்கவேண்டும். மழையே இல்லாத பங்குனியில் ஈரம் தெரிந்தால் அது கூரையின் குற்றம் அன்று, மேலேயுள்ள தண்ணீர்த் தாங்கியினதோ குழாயினதோ குற்றம். இவற்றையெல்லாம் யார் அறிவார்? சங்கத் தலைவர் அறியார். மாதத்தில் ஒருநாள் கூட்டத்துக்கு வருபவருக்கு எங்கிருந்து தெரியும்? நாள்தோறும் அந்தக் கூரையின் கீழ் இருக்கும் முன்பள்ளி ஆசிரியை அறிவார். எந்த மூலையில் பாய் விரிக்கக்கூடாது என்பது அவருக்குப் பாடம். அவரிடம் எவரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். கூரைக் கொப்பியை அவரிடம் ஒப்படைத்து, மழையின் திகதியையும் காற்றின் திசையையும் குறிக்கும்படி கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இங்கே ஒரு வழக்கத்தைக் கண்டிக்காமல் இருக்க முடியாது. விருந்தினர் வருகிறார்கள், ஆண்டு விழா வருகின்றது என்றால் முதலிற் செய்வது உட்கூரைக்கு வெள்ளை அடிப்பது. கறை மறைகின்றது, படம் நன்றாக வருகின்றது. ஆனால் அந்தக் கறைகள்தான் கூரை எழுதி வைத்த குறிப்புகள். அவற்றை வரைந்துகொள்ளாமல் வெள்ளை அடிப்பது, வைத்தியரிடம் போகுமுன் நோயாளியின் துண்டைக் கிழித்தெறிவது போன்றது. வெள்ளை அடிப்பதாயின் அடியுங்கள். வரைபடத்தை எடுத்த பின்னர் அடியுங்கள்.

இனி மேலே ஏறுவோம். காய்ந்த நாளில், காலை வேளையில் ஏறவேண்டும். நண்பகலில் தார் இளகியிருக்கும், காலடியே காயமாகும். ஏணியைக் கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள, மிருதுவான அடியுடைய பாதணியோடு ஏறவேண்டும். தனியே ஏறக்கூடாது. கைச்சுவர் இல்லாத கூரையின் ஓரத்திலும் மின்கம்பி செல்லும் பக்கத்திலும் எச்சரிக்கை வேண்டும்.

முதலிற் பார்க்கவேண்டியது நீர்வாய்களை. இருபதடிக்கு முப்பதடி அளவான சிறு கூரை ஒன்றில், ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால், ஏறத்தாழ 5,500 லீற்றர் நீர் அந்த ஓரிரு ஓட்டைகளினூடாக வெளியேற வேண்டும். கிழக்கின் கார்த்திகை மார்கழியில் இது அபூர்வமான மழை அன்று. அந்த ஓட்டையிலோ வேப்பிலையும் காகக்கூட்டுச் சுள்ளியும், சில வேளைகளில் பிள்ளைகள் தேடிக் களைத்த ரெனிஸ் பந்தும் இருக்கும். தும்புத்தடியால் கூரையைப் பெருக்கி, நீர்வாயைத் துப்புரவாக்கி, ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்க்கவேண்டும். பெருக்கிய குப்பையில் கருங்கல் மணிகள் நிறைய இருந்தால் விரிப்பின் கவசம் உதிர்கின்றது என்பது பொருள். மணி உதிர்ந்த இடம் கறுத்துத் தெரியும். அங்கே தார் வெயிலில் வெந்து, வற்றிய குளத்து மண்போல வெடித்திருக்கும்.

மழை விட்டு இரண்டு நாட்கள் சென்ற பின்னரும் நீர் தேங்கி நிற்கும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு வைக்கவேண்டும். கோடையில் ஏறுபவர்க்கு அந்த இடத்தைச் சேற்றுப் படலமும் பாசியும் காட்டிக் கொடுக்கும். தட்டைக் கூரை என்பது பேச்சுக்குத்தான் தட்டை. எண்பதடிக்கு ஓரடியாவது நீர்வாயை நோக்கிச் சாய்ந்திருக்கவேண்டும். சாய்வில்லாமற் கட்டிய கூரைக்கு எந்த விரிப்பை ஒட்டினாலும் ஆயுள் குறைவு. அத்துடன் தேங்கிய நீர் நுளம்புக்கு வீடு. டெங்கு கடுமையாகப் பரவிய 2017ஆம் ஆண்டில் இந்நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் நோயுற்றதாகப் பதிவாகியது. நுளம்பு பெருக இடம் வைத்திருப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமுமாகும். முற்றத்துச் சிரட்டையைக் கவிழ்த்து வைக்கும் நாம் கூரையின்மேலுள்ள குளத்தை மறந்துவிடுகிறோம்.

அடுத்தது விளிம்பு. அனுபவமுள்ள வேலைக்காரர் எவரைக் கேட்டாலும் நடுவிலே ஒழுகுவது குறைவு, ஓரத்திலே ஒழுகுவதே கூட என்பார்கள். தார்விரிப்பு சுவரோடு மடிந்து ஆறங்குலமாவது மேலேறி, அதன் நுனி சுவரில் வெட்டிய தவாளிப்புக்குள் செருகிப் பூசப்பட்டிருக்கவேண்டும். பூச்சு உதிர்ந்து நுனி வாய்பிளந்து நின்றால், சுவரில் வழியும் நீர் முழுவதும் விரிப்பின் பின்னாலே இறங்கும். விரிப்பு புதிதாக இருந்தும் மண்டபம் ஒழுகுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். கைச்சுவரின் மேற்பூச்சில் வெடிப்பு இருந்தாலும் இதே கதைதான். ஒட்டுகளின் விளிம்பை விரலால் தடவிப் பார்க்கவேண்டும். கத்தியால் நெம்பிப் பார்ப்பது இல்லாத ஒழுக்கை உண்டாக்கும்.

விரிப்பு ஆங்காங்கே அப்பளம்போல் பொங்கியிருப்பதைக் காணலாம். உள்ளே அகப்பட்ட ஈரம் வெயிலில் ஆவியாகித் தூக்குவதால் வருவது இது. சிறியதாக, ஒட்டிலிருந்து தள்ளி, மேற்பரப்பு கெடாமல் இருந்தால் அதை அப்படியே விட்டு, அளவைக் கொப்பியிற் குறித்து, அடுத்த ஆண்டு வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. மிதிக்கவும் வேண்டாம், குத்தவும் வேண்டாம். காலடியில் சதசதவென்று அமிழ்ந்து நீர் கசிந்தால் மட்டும் நிலைமை வேறு. ஆலங்கன்று முளைத்திருந்தால் பிடுங்கக்கூடாது. பிடுங்கினால் வேரோடு விரிப்பும் வரும். அடியில் வெட்டி, வேரைச் சாகவிட்டு, பின்னர் அந்த இடத்தைத் திருத்தவேண்டும்.

கூரையிலே துளைத்த ஒவ்வொன்றும் ஒரு சந்தேகநபர். தொலைக்காட்சி அன்ரனாவின் கால், சூரிய மின்தகட்டின் தாங்கி, திருவிழாவுக்கு ஒலிபெருக்கிக் குழல் கட்ட அடித்த ஆணி, கொடிக்கம்பத்தின் கம்பி இவை யாவும் விரிப்பைத் துளைத்தே நிற்கின்றன. ஆணியைக் கழற்றியவர் துளையை அடைப்பதில்லை. ஆயிரம் லீற்றர் தாங்கி நிரம்பினால் ஒரு தொன் பாரம். அதன் கால் சிறு பரப்பில் ஊன்றினால் விரிப்பு நசுங்கும். நிரம்பி வழியும் நீர் நாள்தோறும் ஒரே இடத்தில் விழுந்தால் மாரி பன்னிரண்டு மாதமும் அங்கேதான். நெல்லும் மிளகாயும் காயவைத்து மண்வெட்டியால் வாருவதையும் நிறுத்தவேண்டும். காயவைப்பதே ஆகாது என்று நாம் சொல்லவில்லை. படங்கு விரித்து, கையால் வாரலாம்.

இவை எல்லாவற்றிலும் பெரிய துளை எமது ஆசையால் உண்டானது. 'பிறகு மேல்மாடி கட்டலாம்' என்று தூண்களின் கம்பிகளைக் கூரைக்கு மேலே நாலடி நீட்டி விட்டுவிடுகிறோம். வீடுகளிலும் மண்டபங்களிலும் இக்கம்பிக் கற்றைகள் பத்து, இருபது ஆண்டுகளாக ஆகாயத்தைப் பார்த்து நிற்கின்றன. நான்கு கம்பிகளைச் சுற்றித் தார்விரிப்பை நீர்புகாமல் ஒட்ட எந்தக் கைதேர்ந்தவராலும் இயலாது. கம்பி துருப்பிடித்து, அந்தத் துரு தூணுக்குள்ளேயே இறங்குகின்றது. மேல்மாடி கட்டும் நாள் வந்தால் அக்கம்பி பயன்படாது. வராவிட்டால் கீழ்மாடியும் கெடும். ஐந்தாண்டுக்குள் கட்டுவதற்கு எழுத்தில் திட்டமும் பணமும் இல்லாத சங்கம் அக்கம்பிகளுக்கு ஒரு முடிவு செய்யவேண்டும். துரு நீக்கி, சீமெந்துக் கலவையால் கட்டைத் தூணாக மூடி, அதன் பக்கங்களில் விரிப்பை ஏற்றி முடிக்கலாம். அல்லது பொறியியல் தெரிந்தவரின் ஆலோசனையுடன் வெட்டி மூடிவிடலாம். ஆசையைக் கைவிடச் சொல்வது மனத்தாங்கலை உண்டாக்கும் என்பதை அறிவோம். எனினும் சொல்லத்தான் வேண்டியிருக்கின்றது.

இவ்வளவு பார்த்தும் காயம் தெரியாவிட்டால் நீர்ச் சோதனை செய்யலாம். கிணற்றுப் பம்பியின் குழாயால் கூரையின் தாழ்ந்த பக்கத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பகுதியாக அரைமணி நேரம் நனைத்து, மேல்நோக்கி நகரவேண்டும். உள்ளே ஒருவர் வரைபடத்தோடு பார்த்திருக்கவேண்டும். மேலேயிருந்து தொடங்கினால் எல்லா இடத்திலும் நீர் ஓடி எது காயம் என்று தெரியாமற்போகும். நீர்வாயை அடைத்து இரண்டங்குலம் தேக்கி ஒருநாள் விட்டுப் பார்க்கும் முறையும் உண்டு. பக்கத்தில் ஒரு வாளியில் நீர் வைத்து, வெயிலுக்கு வாளியில் குறைந்ததைவிடக் கூரையில் அதிகம் குறைந்ததா என்று ஒப்பிடலாம். ஆனால் மேலே சொன்ன இருபதுக்கு முப்பதடிக் கூரையில் இரண்டங்குல நீர் என்றால் ஏறத்தாழ 2,800 லீற்றர், அதாவது 2.8 தொன். செங்கோடு விழுந்த, வெற்றொலி தரும் பழைய தட்டில் இச்சோதனையைச் செய்யவே கூடாது. கூரையின் வெப்பவேறுபாட்டைப் படம்பிடித்து ஈரத்தைக் காட்டும் கருவிகளும் இன்று உண்டு. பெரிய வைத்தியசாலைக்கு அவை பொருத்தம். கிராம மண்டபத்துக்குச் சுண்ணக்கட்டியும் குழாயும் பொறுமையும் போதும்.

காயம் தெரிந்த பின்னர் அவசரப்படுவதே அடுத்த தவறு. கடையிலிருந்து ஒரு ரின் தாரை வாங்கி வந்து, கறைக்கு நேர்மேலே ஊற்றிவிட்டு இறங்குவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். ஈரத்தின்மேலும் தூசியின்மேலும் தார் ஒட்டாது. ஒட்டினாலும் அடியிலுள்ள ஈரத்தைப் பூட்டி வைத்து அடுத்த கோடையில் அப்பளமாகப் பொங்கும். சீமெந்துக் கரைசல் பூசுவது அதைவிடப் பயனற்றது. விரிப்பு விரிந்து சுருங்க, சீமெந்து தகடாக உரியும். முறையான ஒட்டு என்பது காய்ந்த, துப்புரவான பரப்பில், காயத்துக்கு அப்பால் எல்லாப் பக்கமும் ஆறங்குலம் பரவி, மூலைகள் வட்டமாக வெட்டிய புதிய விரிப்புத் துண்டு. சுடர் பிடித்துப் பழகியவரே அதனைச் செய்யவேண்டும். ஓலைக் கொட்டிலும் காய்ந்த சருகும் அருகில் இருக்கும் இடத்தில் வாயுச் சுடர் விளையாட்டுப் பொருள் அன்று. பழைய விரிப்பின்மேலே புதியதை ஒட்டிவிடலாம், செலவு குறைவு என்று சொல்பவரிடம், ஓரிடத்தில் சிறு துண்டு வெட்டி அடிப்பக்கத்தைக் காட்டும்படி கேட்கவேண்டும். அடியில் ஈரம் பரவியிருந்தால் பழையதை உரித்துக் காயவைத்த பின்னரே புதியது. இதற்கு உடன்படாதவருக்கு வேலையைக் கொடுக்கக்கூடாது.

மேசன்மாரை மட்டும் குறைசொல்லி முடிப்பது நியாயமன்று. ஒப்பந்தம் எழுதும் முறையிலேயே ஓட்டை இருக்கின்றது. குறை திருத்தும் காலம் ஆறு மாதம் என்று எழுதி, கட்டடத்தை மாசியில் ஒப்படைத்தால், ஆவணியில் அக்காலம் முடிந்துவிடும். கிழக்கிலும் வடக்கிலும் அந்த ஆறு மாதத்துக்குள் கூரை ஒரு மாரியையும் காணாது. பிடித்து வைத்த பணத்தை எவ்விதக் குறையுமில்லை என்று கையொப்பமிட்டுக் கொடுத்துவிடுவோம். ஐப்பசியில் ஒழுகும்போது ஒப்பந்தகாரர் வேறு மாவட்டத்தில் இருப்பார். மாதக் கணக்கை விட்டு, 'ஒரு முழு மாரி கழிந்து கூரை பார்வையிடப்பட்ட பின்னர்' என்று எழுதும்படி கிராம அபிவிருத்திச் சங்கங்கள் கேட்கவேண்டும். பிரதேச செயலகமும் நிதி வழங்கும் நிறுவனங்களும் இதற்கு இணங்காதிருக்க நியாயம் எதுவுமில்லை.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசவேண்டும். கட்டுவதற்குக் கொடுப்பவர் பலர், காப்பதற்குக் கொடுப்பவர் இலர். பெயர்ப்பலகை வைக்க முடியாத செலவு இது. வேறெவரும் தராவிட்டால் சங்கமே ஒதுக்கவேண்டும். மண்டபத்தைத் திருமணத்துக்கும் கூட்டத்துக்கும் வாடகைக்கு விடும் சங்கங்கள், ஒவ்வொரு வாடகையிலும் பத்தில் ஒன்றைக் கூரைக் கணக்கு என்று தனியே வங்கியில் இட்டால் போதும் என்பது எமது யோசனை. கதிரையும் ஒலிபெருக்கியும் வாங்க அந்தக் கணக்கைத் தொடக்கூடாது என்பதையும் பொதுக்கூட்டத்தில் தீர்மானமாக எழுதவேண்டும். நல்ல தார்விரிப்பும் எமது வெயிலில் என்றென்றும் நிற்காது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மாற்றவேண்டி வரும் என்று எதிர்பார்த்தே சேர்க்கவேண்டும்.

தட்டைக் கூரை எதற்கு, சரிவாகத் தகரம் போட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்பவர்களின் கட்சியிலும் நியாயம் உண்டு. காற்றுக்கு ஒதுங்கும் நிலையமாகப் பயன்படாத சிறு முன்பள்ளிக்கு நன்றாகக் கட்டி இறுக்கிய சரிவுக் கூரையே சிக்கனமானது என்பது எமது அபிப்பிராயம். ஒழுகும் தட்டின்மேலே தகரக் கூரை ஒன்றை எழுப்பிச் சிலர் தப்பிக்கொள்வதும் உண்டு. அப்படிச் செய்யும்போதும் தகரத்தின் கால்களுக்காகத் தட்டைத் துளைக்கிறோம் என்பதையும், துருப்பிடித்த கம்பி தகரத்தின் கீழும் துருப்பிடித்ததாகவே இருக்கும் என்பதையும் கணக்கிற் கொள்ளவேண்டும்.

இப்போதைக்கு ஒவ்வொரு சங்கத்திடமும் நாம் கேட்பது சிறியது. ஆவணி மாதக் கூட்டத்தில் இரண்டு பேரின் பெயரை எழுதுங்கள். ஒருவர் ஏறுவதற்கு, ஒருவர் ஏணி பிடிப்பதற்கு. முன்பள்ளி ஆசிரியை வைத்திருக்கும் கொப்பியை அவர்கள் வாங்கிக்கொண்டு புரட்டாதி முடியுமுன் ஒருதடவையும், தையில் மழை ஓய்ந்ததும் ஒருதடவையும் ஏறட்டும். கண்டதை அடுத்த கூட்டத்தில் அறிக்கைகளோடு அறிக்கையாக வாசிக்கட்டும். கொப்பியின் முதற்பக்கத்தில் கூரையின் வரைபடமும், விரிப்பு ஒட்டிய திகதியும், ஒட்டியவரின் பெயரும் இருக்கவேண்டும். திகதி எவருக்கும் தெரியாவிட்டால் வாசற்கல்லில் இருக்கும் திறப்பு விழாத் திகதியை எழுதிக்கொள்ளலாம்.